கறுப்புக் கண்ணாடிக்குள் இடம் மாறினோம்

ஓட்டுநர் அனுமதியைப் பாரிஸில் நாங்கள் பெர்மி என்போம். என் கணவருக்கு அது மீசை மாதிரி. குற்றத்துக்குக் குற்றம் அதில் புள்ளி வெட்டுவார்கள், புள்ளி முடிந்தால் பெர்மியே போய்விடும். வேகம், தொலைபேசி, மறுபடி வேகம் என்று புள்ளி புள்ளியாக மழித்துவிட்டார்கள். மொட்டை முகத்தோடு வீட்டில் இருந்தார்.

எனக்கு நாற்பத்தாறு வயதில், மூன்றாம் முயற்சியில், பெர்மி கிடைத்தது. பழைய ஆட்களுக்குப் பன்னிரண்டு புள்ளி, புதியவளுக்கு ஆறுதான். அதிலும் மூன்று போயிற்று. சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் அழைத்தார். எடுக்காவிட்டால் வீட்டில் வெடி வெடிக்கும். எடுத்தேன். "எங்கை நிக்கிறீர்?" என்றார். பொலிஸ்காரனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மிச்சம் மூன்று. ஓல்னேயில் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டும் வேலை அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை தொடங்க இருந்தது. பெர்மி இல்லையென்றால் வேலையும் இல்லை. அந்த மூன்று புள்ளியையும் வாயில் வைத்த முட்டை போலக் கொண்டு திரிந்தேன்.

அவருக்கோ வேறு கவலை. பெண்சாதி ஓட்ட, தான் பக்கத்தில் இருப்பதை லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு கண்டுவிடுமே! கார்ஜ் என்ற ஊரில் ஒரு கராஜில் முன்கதவுக் கண்ணாடிகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவித்துக்கொண்டு வந்தார்.

"முன்னுக்குக் கறுப்பு ஒட்டினா ஓடுற ஆளுக்கு மூண்டு புள்ளி போகுமப்பா. படிச்சனான்" என்றேன்.

"படிச்சுப் படிச்சுத்தானே ரெண்டு தரம் கோட்டை விட்டனீர்" என்றார்.

சனிக்கிழமைகளில் லாச்சப்பலில் மரக்கறிக் கடை வாசலில் காரை நிறுத்துவேன். உடனே கறுப்புக்குள் கூத்து தொடங்கும். நான் குனிந்து அந்தப் பக்கம் நழுவ, அவர் வயிற்றை எக்கி, கியரைத் தாண்டி, மூச்சு வாங்கி என் இடத்தில் வந்து விழுவார். பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு இறங்குவார் ராசா. நான் மறுபக்கத்தால் இறங்குவேன், பையோடு.

வேலை தொடங்க இரண்டு நாள் இருந்த அந்தச் சனிக்கிழமை அவர் ராசாவாக இறங்கிய இடத்தில் இரண்டு பொலிஸ் நின்றார்கள். நான் இன்னும் மறுபக்கத்து இருக்கையில் இருந்தேன். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து வந்தவர்கள். இளம் பொலிஸ்காரி கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் பெர்மி கேட்டாள். புள்ளியே இல்லாத மனிதனிடம் மூன்று புள்ளி பிடுங்க வந்திருந்தாள்.

"நான் ஓடேல்லை. இவதான் ஓடினவ" என்று அவர் பிரெஞ்சில் குழறினார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாசலில் உண்மை பேசினார்.

பொலிஸ்காரி ஓட்டுநர் கதவைப் பார்த்தாள். அவர் விரலில் கிடந்த சாவியைப் பார்த்தாள். சிரித்தாள்.

அப்போதுதான் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உதவிக்கு ஓடி வந்தார். நல்ல மனிதர். பிரெஞ்சில் அடித்துச் சொன்னார்: "இவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சனியும் வருவார். அருமையாக ஓட்டுவார். மனைவி ஓட்டி நான் ஒருநாளும் கண்டதில்லை." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "பயப்பிடாதேங்கோ அண்ணை, நான் சொல்லிட்டன்" என்றார்.

கணவரின் முகம் வெந்த கத்தரிக்காய் போலச் சுருங்கியது. "சொல்லுமன்! வாயைத் திறவுமன்!" என்றார் என்னிடம். முதல்தடவை எனக்குப் பேச அனுமதி.

பொலிஸ்காரி குனிந்து, "மதாம், யார் ஓட்டியது?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் என் மூன்று புள்ளியும் போகும், திங்கட்கிழமையும் போகும். சொல்லாவிட்டால் பெர்மி இல்லாமல் ஓட்டியதற்கு அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டும். நெடுநேரம் யோசித்ததாகச் சொல்ல ஆசைதான். ஒரு மூச்சு கூட ஆகவில்லை.

"நான் இங்கே இருக்கிறேன்" என்றேன், இருக்கையைத் தட்டிக் காட்டி.

அவரை அழைத்துப் போனார்கள். காருக்கு என் பெயர், பெர்மிக்கும் என் பெயர். தாளைக் கிழித்த பிறகு எடுத்துப் போகலாம் என்றார்கள். நகத்தால் கிழித்தேன். கடைக்காரர் கத்தி கொண்டு வந்து தந்தார், அனுதாபமாகக் கேட்டார், "அக்கா, உங்களுக்குக் கார் ஓடத் தெரியுமோ?"

திங்கட்கிழமை விடிய, நீதிமன்ற அழைப்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார். "ரெயில் ஸ்டேசனிலை இறக்கிவிடுமன்" என்றார்.

"நான் போற வழியிலை இல்லை" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.