பெ. செல்வராணி யார்?

இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைத் திருத்துவது என் பொழுதுபோக்கு. ஏலச்செடி நோய்களை ஆராயும் பேராசிரியர் பெ. செல்வராணியின் பக்கத்தை வைப்பதா, நீக்குவதா என்று அங்கே ஒரு விவாதம். ‘செல்வராணி’ என்று தேடினேன். அவர் ஆய்வை எவரும் மேற்கோள் காட்டியதாகத் தெரியவில்லை. நீக்கச் சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன்.

மறுநாள் போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பில், பக்கத்திலிருந்த தோட்டத் தொழிலாளி அக்காவிடம் சும்மா விசாரித்தேன்.

“எந்தச் செல்வராணி? எங்ககூட ஏலக்கா பறிச்ச பெருமாளண்ணே மகளா?”

சுரீரென்றது. வெளிநாட்டு ஆய்விதழ்களில் அப்பா பெயர்தானே குடும்பப் பெயராகிவிடும்! வீட்டுக்கு வந்து ‘செ. பெருமாள்’ என்று தேடினேன். பக்கம் பக்கமாக மேற்கோள்கள். ஏலக்காய் பறித்த பெருமாள், உலகமெங்கும் விஞ்ஞானியாக உலவிக்கொண்டிருந்தார்!

‘வைக்கலாம்’ என்று எழுதினேன். இப்போதெல்லாம் யாரையும் நீக்கச் சொல்லுமுன், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிடுகிறேன்.