பேட்டரியைத் திருப்பித் தராத ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார்.

நேற்று மதியம் கடையில் யாருடைய போனையோ கழற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் தம்பி அந்தோணி போனில் சொன்னார். நான் வேலை பார்க்கும் யார்டில் நின்றிருந்தேன். கையில் இருந்த பூட்டு சீல் எந்தக் கன்டெய்னர் கதவுக்கானது என்பதே மறந்துபோனது...

ராயபுரத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்கு அவரைத் தெரியாது. சர்ச்சுக்குப் போகும் தெருவில் ஒரு மொபைல் சர்வீஸ் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

எனக்கு அவர் பழக்கமானது போனால் அல்ல. இ-சிகரெட்டால்.

எர்ணாவூரில் கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர் வேலை எனக்கு. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் ஒரு வேப் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தான். சிகரெட் தொலையட்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டேன். அப்போது இ-சிகரெட்டுக்குத் தடையெல்லாம் வரவில்லை.

ஒரே மாதம்... இழுத்தால் தீய்ந்த நாற்றம். இரண்டு கடைக்காரர்கள் இது நமக்குத் தெரியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அக்கா மட்டும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, கழற்றிப் பரப்பிவிட்டார்.

"இன்னா நைனா, பஞ்சு கரிக்கட்டையா கீது? புதுப் பஞ்சு வெச்சதும் பத்து நிமிஷம் லிக்விட்ல ஊற வுடணும். காஞ்ச பஞ்ச சூடு பண்ணா கரியாம இன்னா பண்ணும்?"

பஞ்சைச் சூடாக்கும் கம்பிச்சுருளை, அந்தக் காயிலைக் கழுவி, காயவைத்து, புதுப் பஞ்சு வைத்தார். பிறகு நிஜமாகவே பத்து நிமிடம் என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். கடிகாரத்தைப் பார்த்துத்தான் கையில் கொடுத்தார்.

இன்னொரு முறை மெஷின் ஆன் ஆகவே இல்லை. பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"மேல் பாகத்த கொழாய் முறுக்குற மாரி முறுக்கிகீற. நடு பின்னு உள்ள போய்ச்சி."

பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, பல்குத்தும் குச்சியால் அந்தப் பின்னைத் துளி மேலே தூக்கினார். ஸ்பிரிட் தொட்ட பட்ஸால் பிசுக்கைத் துடைத்தார். மூன்று நிமிட வேலை. உடனே புகை வந்தது. அதை வெளியே போய் விடச் சொல்லித் துரத்தினார். புகை என்றாலே அவருக்கு ஆகாது.

அப்புறம் தடை வந்தது. "விக்க மாட்டேன், வாங்கியும் தர மாட்டேன். உங்கைல கீறத தொடச்சிக் குடுப்பேன், அவ்ளோதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

நாங்கள் சண்டை போட்டதைச் சொல்லாமல் இந்தப் பதிவு முடியாது.

ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் மெஷின் சுடுகிறது என்று கொடுத்தேன். பேட்டரியை உருவியவர் அப்படியே நின்றுவிட்டார். அதன் மேல் உறை ஓரத்தில் கிழிந்திருந்தது.

"இத்த சாவியோட பாக்கெட்ல போட்டுகினா சுத்துற?"

"டேப் சுத்திக் குடுக்கா, டைம் ஆவுது."

"தர மாட்டேன். இரும்பு பட்டா எரிஞ்சிடும் இது."

இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மணல் போட்ட டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. வரிசையில் ஆட்கள் வேறு நின்றிருந்தார்கள்.

"ரிப்பேர் பண்ணத்தான் கட வெச்சிகீற. புத்தி சொல்றதுக்கா?"

அவர் பேட்டரி இல்லாத மெஷினை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த ஆளின் போனை வாங்கிக்கொண்டார்.

வேறோர் இடத்தில் பெயர் தெரியாத பேட்டரிகள் இரண்டு வாங்கினேன். ஒன்றை மெஷினில் போட்டேன், ஒன்று பேண்ட் பாக்கெட்டில்... சாவிக்கொத்தோடு. அக்கா சொன்னது காதில் இருக்கும்போதே, வீம்புக்கு அப்படிப் போட்டேன்.

நான்காம் நாள் பைக்கை எடுக்கக் குனிந்தபோது தொடையில் தீ. பேண்டைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. பதினெட்டு நாள் வீட்டோடு கிடந்தேன்.

என் மனைவி தேவி தன் போனைச் சரிபார்க்கப் போனபோது விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அன்று சாயந்தரமே அக்கா கடையை மூடிவிட்டு திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் பழம் இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை. பேட்டரியைச் சோதிக்கும் மல்டிமீட்டர் இருந்தது.

"தேவி, வூட்ல இன்னான்னா பேட்டரி கீதோ எல்லாத்தையும் கொண்டா."

டார்ச், எமர்ஜென்சி லைட், கொசு பேட், பாப்பாவின் பாட்டுப் பாடும் பொம்மை... எல்லாம் ஹாலில் வரிசையாக வந்தன. தரையில் சம்மணம் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உப்பிப் போயிருந்த மூன்றைத் தனியாக எடுத்துவைத்தார்.

கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, அன்னிக்கு நான் அப்டி பேசினது..."

"அந்த கொசு பேட் சார்ஜர் எங்க? அத்த மொதல்ல காட்டு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. என்னையும் எடுக்க விடவில்லை. நான் வேப்பையும் விட்டேன், சிகரெட்டையும் விட்டேன். அதைச் சொன்னபோதுகூட "சரி நைனா, டீ சொல்லு" என்றார்.

இன்று காலை போயிருந்தேன். கடை ஷட்டரைப் பாதி ஏற்றிவைத்து, ரிப்பேருக்குக் கொடுத்தவர்களின் போன்களை அந்தோணி திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போனும் ஒரு சின்ன கவரில். மேலே அக்காவின் எழுத்து. "மைக் கிளீன் பண்ணியாச்சு. ஸ்பீக்கர் பாக்கி."

போனை வாங்கிய ஒரு அம்மா அந்தக் கவரைக் கிழிக்காமல் அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டார்.

நாளைக்கு நாலு மணிக்கு அடக்கம். லீவு சொல்லிவிட்டேன்.

வந்துவிடுகிறேன், அக்கா.