ஆணி அடிச்ச செருப்பு

என்ர பழைய செருப்புச் சோடி ஒண்டு கம்பஸில, அதுதான் பல்கலைக்கழகத்தில, ஒரு அறை வாசல்ல, பலகையில ஆணி அடிச்சபடி இப்பவும் தொங்குது. சிரிக்காதேங்கோ, மெய்யாத்தான். பட்டம் எடுத்த ஆக்களின்ர படமெல்லாம் உள்ள மண்டபத்தில தொங்குது. கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிற என்ர செருப்பு வெளியில தொங்குது. அந்தப் பக்கம் போற நேரமெல்லாம் எட்டிப் பாத்திட்டுத்தான் வருவன். எனக்கு அதில ஒரு புளுகம், ஒரு பெருமை. நான் சொல்லிக்கொண்டு போறன், பேத்தி எழுதிக்கொண்டு வாறாள். இடையில நான் வேற பக்கம் போனால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அந்தக் கம்பஸில படிப்பிக்கிறது உயிரித் தொழில்நுட்பமாம். பேத்தி சொல்லித் தந்துதான் அந்தப் பேர் வாயில வருது. எங்கட அக்கராயன் ஊர்ச் சனத்துக்கு அது போத்தில் வாழைக் கம்பஸ். வாழைக் குருத்தில மூக்குத்தியளவு துண்டை வெட்டி, ஜெலி மாதிரி ஒரு சாப்பாட்டோட கண்ணாடிப் போத்திலுக்குள்ள வைப்பினம். அது முளைச்சு, ஒண்டு பத்தாகி, பச்சைப் பசேலெண்டு நிக்கும். நான் அங்க போத்தில் கழுவின மனிசி. ஒரு போத்திலைக் கழுவி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாக்கேக்க எனக்கு வாற சந்தோசம், நகைக்கடையிலயும் வராது. நகைக்கடைக்கு நான் எங்க போனனான், அது வேற கதை.

மிஸ் எண்டு நான் சொல்லுறது அங்க படிப்பிச்ச பிள்ளையை. யாழ்ப்பாணம் ரவுணில பிறந்தவா. மெல்லிசு, கதை குறைவு. அந்தக் காலம் எங்கட வாழையெல்லாம் வருத்தம் வந்து, குருத்து ஒண்டோட ஒண்டு நெருங்கி, குலை தள்ளாமலே செத்துப்போச்சு. நோயில்லாத வாழைக்கண்டு தாறன் எண்டு மிஸ் தோட்டக்காரருக்குச் சொல்லியிருந்தவா. அவாவின்ர பெரிய படிப்புக்குரிய ஆராய்ச்சியும் அதே கண்டுகள்தான். குறிச்ச காலத்துக்குள்ள முடிக்க வேணும், முடியாட்டில் அந்தப் படிப்பு அதோட சரி. ரெண்டு வருச வேலை முழுக்க ஒரு அறையில, தட்டுத் தட்டா, போத்திலுக்குள்ள நிண்டுது.

அந்த அறைக்குள்ள கதைக்கக்கூடாது. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. மாட்டோடயும் கதைக்கிற ஆள் நான். "வாய் திறந்தால் கிருமி விழும் அம்மா" எண்டு சொல்லி, முகமூடியை மிஸ் தன்ர கையாலயே எனக்குக் கட்டிவிடுவா. போனும் கொண்டு போகேலாது, அது மிஸ்ஸின்ர மேசையில, அங்கால கட்டிடத்தில. செருப்பைக் கழட்டி வாசல்ல விடவேணும். வாசல்ல செருப்புக் கிடந்தால் உள்ள ஆள் இருக்கு எண்டு அர்த்தம். காவலுக்கு நிக்கிற வோச்சர் தம்பி கதவைத் திறந்து பாக்கமாட்டார், திறந்தால் தூசி போகும். செருப்பைப் பாத்துத்தான் பூட்டுவார்.

ஆனால் அங்க குரங்குத் தொல்லை. மிஸ்ஸின்ர ஒரு சோடியைக் கொண்டுபோய் வேப்பமரத்தில வைச்சுக் கடிச்சுப் போட்டுது. பொங்கல் லீவுக்கு முதல் நாள் அவா புதுச் செருப்போட வந்தவா, தாய் வாங்கிக் குடுத்ததாம். அதைக் குரங்குக்குக் குடுக்க மனமில்லாமல், தன்ரயையும் என்ரயையும் ஒரு பையில போட்டுக் கதவுக்கு உள்பக்கம் கொழுவி விட்டா. பிறகு நாங்கள் ரெண்டு பேரும் போத்தில் அறைக்குள்ள போனம்.

வோச்சர் வந்தார், செருப்பில்லை. ஆமைப்பூட்டைப் போட்டிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போட்டார்.

கதவு அசையாது எண்டு தெரிஞ்ச உடன எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. லீவு முடியுமட்டும் வாழைக்கண்டோட பொங்குவம் எண்டன். மிஸ் கதவில கை நோகத் தட்டினவா. அந்த நேரம் பாத்துக் கறண்டும் போச்சு. ஏசி நிண்டுது, விளக்கு நிண்டுது. ஜெனரேற்றர் ஏற்கெனவே பழுது. அறைக்கு ஒரே ஒரு யன்னல், அதுவும் திறக்கிற யன்னலில்லை. தடிச்ச கண்ணாடி, காத்துப் போகாமல் சுத்திவர டேப், வெளியில கம்பி. கத்தினாலும் வெளியில கேளாது. வயலுக்கு அங்கால ஒராள் மாட்டைச் சாய்ச்சு ஓட்டிக்கொண்டு போறது தெரியுது, எங்கட சத்தம் அவருக்குத் தெரியாது.

மிஸ் இரும்பு ஸ்டூலைப் பாத்தா. நான் விளங்கிக்கொண்டன். கண்ணாடி உடைஞ்சால் தூசி வரும், தூசியோட பூஞ்சணம் வரும், ரெண்டு வருசமும் போகும்.

"தொடாதேங்கோ மிஸ். ஆராவது வருவினம்."

அவா ஸ்டூலில கையை வைக்கேல்லை. வந்து எனக்குப் பக்கத்தில நிலத்தில இருந்தா. இருந்து, என்ர முகமூடியை அவிட்டுவிட்டா.

"அம்மா, கதையுங்கோ."

வாழ்க்கையில ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேட்டதில்லை. நான் விடுவனோ? என்ர கலியாணத்துக்கு வந்த மாப்பிள்ளை பகுதி ஆக்கள் பாயாசத்தில உப்பைப் போட்டுக் குடிச்சது, என்ர சிவப்பி மாடு பள்ளிக்கூடத்துக்குள்ள போய்ப் பிள்ளையளின்ர சாப்பாட்டைத் திண்டது, எல்லாம் சொன்னனான். மிஸ் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சா. வேர்வை ஊத்துது, காத்தில்லை, நான் நிப்பாட்டேல்லை. மாட்டுக் கதையில இருந்து, சண்டை நேரம் மாட்டை அவிட்டுவிட்டிட்டு ஓடின கதைக்கு வந்தன். அதில இருந்து முள்ளிவாய்க்காலுக்கு வந்தன். பங்கர் குழிக்குள்ள நாங்கள் குந்தியிருந்த இடத்துக்கு வந்தன். மண்மூட்டை சரிஞ்சு வாசலை மூடினது. அதோட என்ர வாய் நிண்டிட்டுது.

அதுக்கு மேல சொல்ல எனக்கு ஏலாது. இப்பவும் ஏலாது, பேத்தி, நீ அதை விடு. அண்டைக்கு அந்த அறைக்குள்ள எனக்கு மூச்சு உள்ள போகுதில்லை, நெஞ்சில ஆரோ ஏறி இருக்கிற மாதிரி. மிஸ் "கதையுங்கோ அம்மா, கதையுங்கோ" எண்டு என்ர கன்னத்தைத் தட்டுறது தெரியுது. நான் அந்தப் பங்கருக்குள்ள நிக்கிறன்.

மிஸ் எழும்பினா. தட்டுகளை ஒருக்காத் திரும்பிப் பாத்தா, ஒரேயொருக்காத்தான். பிறகு ஸ்டூலைத் தூக்கினா.

கண்ணாடி விழுந்த சத்தத்தோட காத்து வந்தது. வயல் காத்து, மாட்டுச் சாணி மணத்தோட. அப்பிடியொரு வாசத்தை நான் பிறகு மணக்கேல்லை. மாடு சாய்ச்ச மனிசன் ஓடிவந்து, பிறகு வோச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "செருப்பைக் காணேல்லை மிஸ், அதான் பூட்டினனான்" எண்டு அவர் அழுவார் போல நிக்கிறார். மிஸ் வெறுங்காலோட நிண்டு, கையில கண்ணாடி வெட்டின ரத்தத்தோட, சிரிச்சா.

லீவு முடிஞ்சு போனால் போத்திலெல்லாம் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூஞ்சணம் பூத்திருக்கு. நான் வாசல்லயே இருந்து அழுதன். மிஸ்ஸிட்டை இருந்து ஒரு ஏச்சுமில்லை, ஒரு ஆறுதலுமில்லை. "கழுவுவம் வாங்கோ" எண்டு, கட்டுப் போட்ட கையோட எனக்குப் பக்கத்தில இருந்து போத்தில் கழுவினா. அண்டையில இருந்து நான் கதைக்கிறதை அவா தடுக்கேல்லை, கழுவுற இடத்தில மட்டும். வோச்சர் தம்பிதான் என்ர பழஞ்செருப்பைக் கேட்டு வாங்கிப் பலகையில அடிச்சு அறை வாசல்ல தூக்கினவர். ஆர் உள்ள போனாலும் பலகையின்ர செருப்புப் பக்கத்தை வெளியில பாக்கத் திருப்பிவிட வேணும், குரங்கு இழுத்தாலும் வராது.

தோட்டக்காரருக்குக் கண்டு பிந்தித்தான் கிடைச்சது, ஆனால் கிடைச்சது. என்ர வளவிலயும் நிக்குது. மிஸ்ஸின்ர படிப்பு மட்டும் குறிச்ச காலத்தைத் தாண்டிப் போச்சு. முதலில இருந்து படிக்கவெண்டு பனி கொட்டுற ஒரு நாட்டுக்குப் போட்டா. அங்க ஒரு சின்ன அறையில தனிய இருக்கிறா. குளிருக்கு யன்னல் திறக்கேலாதாம், கண்ணாடி ரெண்டு தட்டாம்.

ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பா. செருப்பு இன்னும் இருக்கோ எண்டு கேப்பா. இருக்கு மிஸ், குரங்கு வந்து இழுத்துப் பாத்திட்டு வெக்கப்பட்டுப் போட்டுது எண்டு சொல்லுவன். பிறகு அவா, "அம்மா, கதையுங்கோ" எண்டுவா. நான் கதைப்பன். மாடு, மழை, வாழைக்குலை எண்டு வாயில வாறதெல்லாம் கதைப்பன். இடையில அந்தப் பக்கம் சத்தமில்லாமல் போனால் போனைக் காதோட அழுத்திப் பிடிப்பன். இஞ்ச இருந்துகொண்டு எந்தக் கண்ணாடியை நான் உடைக்கிறது? அதால நிப்பாட்டாமல் கதைச்சுக்கொண்டே இருப்பன், அவா சிரிக்கிற சத்தம் கேக்குமட்டும்.