ஆணி கொடுத்த அடிக்கோல்

நேற்றுக் காலை என் மேசையிலிருந்து அடிக்கோல் நழுவி விழுந்தது. தரையைத் தொடுவதற்குள் பிடித்துவிட்டேன். இந்த வயதில் அது சின்ன விஷயமில்லை. அந்தப் பெருமையில் "வலக்கை" என்று சத்தமாகச் சொல்லியும் விட்டேன். பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்து, "யார்கிட்டப்பா பேசுறீங்க?" என்றாள். யாரிடமும் இல்லை என்றேன். உண்மையில் இரண்டு பேரிடம் பேசியிருந்தேன். இரண்டு பேரும் இப்போது இல்லை என்பதால் மகளிடம் விளக்க முடியவில்லை.

அடிக்கோலை முகர்ந்து பார்த்தேன். மரம், மை, கொஞ்சம் கோந்து. உடனே என் பழைய நண்பன் காசிமின் கடை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் அவன் மாமாவுக்குக் காகிதக் கடை. நாகூரிலிருந்து வந்தவர்கள். வெளியே மாட்டுப்பட்டியின் சாண வாசனை அடிக்கும், உள்ளே நுழைந்தால் புதுக் காகிதமும் கோந்தும் மணக்கும். நான் அப்போது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. பேனா முள் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு தினமும் போவேன். ஒரு மனிதனுக்கு எத்தனை பேனா முள் தேவைப்படும் என்று அவன் மாமா ஒருநாளும் கேட்டதில்லை, நல்ல மனிதர்.

ஊருக்குத் திரும்பிப்போன யாரோ ஒரு துரை வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, காசிம் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் எடுத்தான். பாதியைக் கரையான் தின்றிருந்தது. தப்பியதில் ஒன்று, அட்டை போன ஆங்கிலப் புத்தகம். மனோதத்துவத்துக்கு முதல் பாடம் மாதிரி எழுதியிருந்தார்கள். மனம் என்று நாம் சொல்வதைப் பற்றி இரண்டாயிரம் வருஷம் பேசியே தீர்த்துவிட்டு, கடைசியில் ஜெர்மன் தேசத்தில் ஒருவர் ஓர் அறையில் பித்தளைக் கருவிகளை வைத்து அதை அளக்கவே ஆரம்பித்துவிட்டாராம். நினைப்புக்கு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தை அளக்கலாம் என்றது புத்தகம். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. என் மண்டைக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்கு வேகம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் உங்களுக்கு மட்டும் இறங்குமா?

அன்றிலிருந்து எங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மண்டையைத் தடவிக் குணம் சொல்வது பற்றி ஒரு பக்கம் இருந்தது. காசிம் தெருவில் அகப்பட்டவர் தலையை எல்லாம் தடவினான். இரண்டு வாரம் கழித்து அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அது வெறும் புரட்டு என்று போட்டிருந்தது. பிறகு ஞாபகசக்தியை அளக்கப் பொருளில்லாத சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நாங்கள் எதை எழுதினாலும் யாராவது ஒருவர் பொருள் சொன்னார். தமிழில் இல்லையென்றால் மலாயில் இருந்தது. மலாயிலும் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து உரக்க வாசித்தபோது, கோப்பிக்கடைச் சீனர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிங்கப்பூரில் பொருளில்லாமல் வாயைத் திறக்க முடியாது என்று அந்த ஆராய்ச்சியைக் கைவிட்டோம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஓரமாய் உட்கார்ந்திருப்பான் வேலாயுதம். மிளகாய் அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் நானும் அவனும் ஒரே அறை. எங்கள் ஆராய்ச்சிகள் அத்தனையும் தும்மலுக்கு நடுவில்தான் நடந்தன. வேலாயுதம் ட்ராம் ஓட்டி. மின்சார ட்ராம் ஊருக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் அதைச் சபித்தார்கள், மாடுகள் மிரண்டன, நான் அவனோடு ஒரே அறையில் இருப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் அவன் வேலை நேரத்தில் வீடு திரும்பினான். சட்டையில் அன்னாசிப் பழச் சாறு. சந்திலிருந்து ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்திருக்கிறது. பிரேக்கைச் சுற்றுவதற்குள் இடித்துவிட்டது. வண்டிக்காரருக்குக் கால் முறிந்தது, சாலை முழுக்க அன்னாசி உருண்டது. ட்ராம் கொட்டகையின் மேலாளர் துரை, குடித்துவிட்டு ஓட்டினாயா என்று கேட்டிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை விசாரணை, அதுவரை வேலை கிடையாது.

"தொட்டதே இல்ல பாய், ஒங்களுக்குத் தெரியும்ல," என்று காசிமிடம் சொன்னான். "அடுத்த கப்பல்ல எம் பொண்டாட்டி வர்றா, கைப்புள்ளையோட. வந்து எறங்குறப்ப நான் குடிச்சுட்டு வேலைய விட்டவனா நிக்கணுமா?"

காசிம் புத்தகத்தைத் திறந்தான். அவன் கண் மின்னியது. "கண்ணு பாத்ததும் கை உடனே போயிடாது. நடுவுல நேரம் ஆகும், எல்லாருக்கும் ஆகும். அதை அளந்து காட்டுவோம். கிராணி, அந்த அடிக்கோல எடு."

முறை எளிது. ஒருவர் அடிக்கோலை மேல்முனையில் பிடித்துத் தொங்கவிடுவார். மற்றவர் கீழ்முனையருகே விரலைத் திறந்து வைத்திருப்பார். சொல்லாமல் விடவேண்டும், பிடிக்கவேண்டும். எவ்வளவு தூரம் நழுவியதோ, மனம் அவ்வளவு தாமதம். ஆள் ஒருவரைச் சோதித்தால் போதாது, பலரைச் சோதி, எதற்கென்று சொல்லாதே என்றது புத்தகம். தையற்காரர், சமையற்காரர், கீழே மிளகாய் அரைப்பவர், எல்லாரையும் மாடிக்கு இழுத்து வந்தோம். என்ன விளையாட்டு இது என்று கேட்டவர்களே இரண்டாம் முறை வரிசையில் நின்றார்கள்.

நான் மட்டும் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். விடுவதற்கு முன் காசிம் புருவத்தைத் தூக்கினான். தனக்குப் பிடித்த ஆளாக இருந்தால் இன்னும் நன்றாகத் தூக்கினான். அவனுக்கே தெரியவில்லை. சொன்னதும் சண்டைக்கு வந்துவிட்டான், பிறகு தன் முகத்தை மறைக்க ஒரு வேட்டியைக் குறுக்கே கட்டிக்கொண்டான். அறிவியல் என்பது முக்கால்வாசி தன்னையே மறைத்துக்கொள்வதுதான் என்று அன்று எனக்குப் பட்டது.

வேலாயுதத்தின் முறை வந்தது. அடிக்கோல் அவன் விரல்களுக்கிடையே நழுவித் தரையில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. சமையற்காரர் பிடித்தார், தும்மிக்கொண்டே தையற்காரர் பிடித்தார், இவனால் முடியவில்லை.

"அப்ப தப்பு என்மேலதானா?" என்றான் மெதுவாக.

காசிம் வேட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். "இத விட்டுடலாம். துரைக்கிட்ட மத்தவங்க கணக்க மட்டும் சொல்லலாம்."

"அது பித்தலாட்டம் பாய்," என்றான் வேலாயுதம். எனக்கு அவன்மேல் அப்போது வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

விளக்கேற்றும் நேரம். நான் விளக்கின் கண்ணாடிச் சிமினியைத் துடைத்து மேசை ஓரத்தில் வைத்தேன், சரியாக வைக்கவில்லை. கண்ணாடி உருண்டு விளிம்பைத் தாண்டியது. நான் ஐயோ என்று வாயைத் திறப்பதற்குள் அது வேலாயுதத்தின் கையில் இருந்தது. இடக்கையில். மறு கணமே அதை மேசையில் வைத்துவிட்டு, திருடியதைப் போல அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

காசிமும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அடிக்கோல் விழும்போதெல்லாம் அவன் இடது தோள் துள்ளியதை நான் பார்த்திருந்தேன், அது என்னவென்று புரியாமல் விட்டிருந்தேன்.

"நீ இடக்கையனா?" என்று கேட்டான் காசிம்.

"சின்னதுல. சாப்பிடறப்ப அப்பா அந்தக் கைய முதுகோட கட்டிப் போட்டுடுவாரு. மாறிடுச்சு."

மாறவில்லை. அவன் இடக்கை முதலில் கிளம்பியது. அதை அடக்கிவிட்டு வலக்கையை அனுப்ப வேண்டியிருந்தது. ட்ராமில் பிரேக் வலக்கைப் பக்கம். அன்னாசி வண்டி குறுக்கே வந்தபோதும் அதுதான் நடந்திருக்கும். காசிம் புத்தகத்திலிருந்த மூளைப் படத்தை விளக்கருகே கொண்டுவந்தான். இடது பாதி வலக்கையை ஆள்கிறது, வலது பாதி இடக்கையை ஆள்கிறது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினான். வேலாயுதம் தன் தலையின் வலப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், யாரோ தெரிந்தவர் அங்கே குடியிருப்பதைப் போல.

"சரி, இடக்கையால பிடி," என்று காசிம் அடிக்கோலை நீட்டினான்.

வேலாயுதம் பின்வாங்கினான். "ஒங்க கையால குடுக்கறத நான் இடக்கையால வாங்கறதா? எழுதற சாமான் வேற. மாட்டேன்."

கெஞ்சினோம், திட்டினோம். ஒப்புக்கு நீட்டினான், விரல் கூசிச் சுருங்கியது. நானும் இடக்கையை நீட்டிப் பார்த்தேன். புத்தகம் படித்த என் கையும் தயங்கியது. ஜெர்மன் தேசத்து அறையில் இந்தத் தொந்தரவு வந்திருக்காது. காசிம் தலையைச் சொறிந்துகொண்டு விட்டத்தைப் பார்த்தான். பிறகு கீழே ஓடிப்போய் ஒரு ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தான்.

விட்டத்தில் ஆணி. ஆணிமேல் நூல். நூலின் ஒரு முனையில் அடிக்கோல், மறு முனை வேட்டிக்குப் பின்னால் காசிமின் கையில். "ஆள் குடுத்தாத்தானே மரியாதை பாக்கணும். இப்ப குடுக்கறது ஆணி. ஆணிக்கு என்னா மரியாதை லா?"

வேலாயுதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே இடக்கையை வைத்தான். நூல் தளர்ந்தது. அடிக்கோலின் அடிமுனையிலேயே பிடித்துவிட்டான். மறுபடியும், மறுபடியும். எங்கள் எல்லாரையும் விட வேகம். நான் கத்திய கத்தலில் மிளகாய்க் கடைக்காரர் உலக்கையோடு மேலே வந்துவிட்டார்.

திங்கட்கிழமை ட்ராம் கொட்டகையில் நான்தான் மொழிபெயர்த்தேன். மேலாளர் துரை புத்தகத்தைத் தொடவே இல்லை. அடிக்கோலை மட்டும் வாங்கித் தானே பிடித்துப் பார்த்தார், தவறவிட்டார், கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அதற்குமேல் அவரைத் தடுக்க முடியவில்லை. கண்டக்டர்கள் எல்லாரும் காசிம் அங்கே அடித்த ஆணிக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். கடைசியில் அவர், அடிக்கோல் வேறு, ட்ராம் வேறு என்றார். கொட்டகை மதில் ஓரமாக ஓர் ஆளை நிறுத்தி, வேலாயுதம் ஓட்டும் ட்ராம் வரும்போது நினைத்த இடத்தில் காலிப் பெட்டிகளைத் தண்டவாளத்தில் தள்ளச் சொன்னார்.

முதலில் வழக்கம்போல் வலக்கை. பெட்டிகள் சுக்குநூறாயின. துரை என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இரண்டாம் முறை வேலாயுதம் ஒருக்களித்து நின்று, கைகளைக் குறுக்காக மாற்றி, இடக்கையைப் பிரேக்கில் வைத்தான். அசிங்கமாகத்தான் இருந்தது. ட்ராம் வந்தது, பெட்டிகள் விழுந்தன, இரும்பு கிறீச்சிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காசிம் என் தோளைப் பிடித்து உலுக்கியபோது திறந்தேன். பெட்டிக்கும் ட்ராமுக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம்.

வேலாயுதம் குடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார் துரை. எப்படி வேண்டுமானாலும் நின்றுகொள்ளட்டும், வண்டி நின்றால் சரி என்றார். அதை மொழிபெயர்த்தேன். வேலாயுதம் வாய்விட்டு அழுதான்.

கப்பல் வந்த அன்று மூவரும் துறைமுகத்துக்குப் போனோம். அவன் மனைவி படகிலிருந்து படிக்கட்டில் காலை வைத்தபோது அலை தூக்கிப்போட்டது. தடுமாறியவள் பிள்ளையை நீட்டினாள், வேலாயுதம் எட்டி வாங்கினான். அவள் முகம் சுளித்தது.

"மொதமொதல்ல புள்ளைய இந்தக் கையாலயா வாங்குறது?"

"இந்தக் கைதான் விடாது," என்றான்.

அதன்பிறகு எங்கள் மூவருக்குள்ளும் அது ஒரு வழக்கமாகிவிட்டது. யாராவது எதையாவது விழாமல் பிடித்தால், மற்றவர் உடனே கேட்பார், எந்தக் கை? ட்ராமில் ஏறும்போதே கேட்போம், அவன் குறுக்காக நின்றபடி மணியை மிதித்துப் பதில் சொல்வான்.

ட்ராம் போய்விட்டது. தண்டவாளத்தின் மேல் தார் ஊற்றிவிட்டார்கள். மிளகாய்க் கடையை இடித்தபோது விட்டத்தோடு எங்கள் ஆணியும் போயிருக்கும். காசிம் நாகூருக்குப் போனவன் திரும்பவில்லை, புத்தகம் அவனோடு போனது. வேலாயுதம் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. படிக்கட்டில் வாங்கிய அந்தப் பிள்ளை இப்போது ஃபேரர் பார்க் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். கரும்பலகையில் இடக்கையால்தான் எழுதுகிறார், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நேற்று அடிக்கோலைப் பிடித்ததும் பதிலைச் சொல்லிவிட்டேன். கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை.