அக்கரையில் போன சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால், செஞ்சி பஜாரில் ஆணிக்கடை வைத்திருக்கும் அரங்கநாதன் தன் மனைவி ஞானம்பாளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றிவரப் புறப்பட்டுவிடுவார்.

"இன்னாடி ஞானம், இன்னிக்கும் சவாரியா?" என்று எதிர்வீட்டு லட்சுமியம்மாள் குரல் கொடுப்பாள். "எங்க வூட்டு மனுஷனும் இருக்காரே! ஏத்துனா டயர் வெடிச்சிடுமாம்!"

பஜாரே சிரிக்கும். ஞானம்பாள் சிரிக்கமாட்டாள். கோபமும் கிடையாது. யாரோ யாரிடமோ பேசுவதுபோல் அவளுக்குத் தோன்றும்.

அது உல்லாசச் சவாரி அல்ல. டாக்டர் சொன்ன மருந்து. "காத்தாட வெளியே கூட்டிப் போங்க. பேச்சுக் கொடுங்க. எப்படியாவது ஒரு தடவை வாய்விட்டு அழுதாங்கன்னா சரியாயிடும்" என்று அவர் சொல்லியிருந்தார்.

ஞானம்பாள் சீயமங்கலத்துப் பெண். பதினெட்டு வயதில் ஆணிக்கடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஏழு வருஷம் வயிறு திறக்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் கூட்டத்தில் மிதிபட்டு, அங்காளம்மன் வாசலில் மடியேந்தி நின்று பெற்றாள் ஒரு பிள்ளையை. முருகையன் என்று பேர். நான்கு வயது வரை வீடெல்லாம் ஓடினான். கடையில் ஆணிகளை வாரி இறைத்தான். அறுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசி மழையில் மூன்றே நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

ஊரே மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. பெற்றவள் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பி இருக்கிறதா என்று பார்த்தாள். அன்று மரத்துப்போனவள்தான். சோறு வடித்தாள், துணி துவைத்தாள், கேட்டதற்குத் தலையசைத்தாள். போன மாதம் ஒருநாள் கிணற்றுக்குள் குனிந்தபடி வெகுநேரம் நின்றுவிட்டாள். அவள் எதையும் நினைத்து நிற்கவில்லை. வாளியை இழுக்க மறந்துபோனாள். ஆனால் அரங்கநாதன் பதறி ஓடிவந்து இழுத்த இழுப்பில் இரண்டு வளையல்கள் நொறுங்கின. அதுமுதல் அவளை அவர் தனியே விடுவதில்லை.

அன்றும் புறப்பட்டார்கள். ஏரிக்குப் பிரியும் முனையில் போலீஸ்காரர் நிற்பார். சைக்கிளில் இரண்டு பேர் போனால் கேஸ். ஆகவே முனைக்கு முன்பே ஞானம்பாள் இறங்கி, யாரோ வழிப்போக்கர்போல நடந்து வருவாள். ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் அவர் ஒற்றைக் காலை ஊன்றிக் காத்திருப்பார். அவள் கேரியரைப் பிடித்து ஏறிக்கொள்வாள்.

அன்று அவள் கேரியரைப் பிடித்தபோது காலில் முள் தைத்தது. பிடித்த கையை விடாமல் குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

"உக்காந்துக்கினியா?" என்றார் அவர்.

அவள் பதில் சொல்லவில்லை. பதில் வராதது அவருக்குப் பழகிப்போன விஷயம். கேரியர் அமுங்கியதை அவள் ஏறியதாக எண்ணி மிதித்துவிட்டார். பாதை சரிவானது. அவளோ இந்த எட்டு மாதத்தில் வெறும் கூடாக இளைத்திருந்தாள். பாரம் தெரியாததில் அதிசயம் என்ன!

ஞானம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். கணவர் போய்க்கொண்டிருந்தார். தலையைச் சற்றே பின்னால் திருப்பி, வெறும் கேரியரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த சிங்கவரத்துக் காத்தாயி இதைப் பார்த்து அரிவாளை நிறுத்தினாள். பஜாருக்குப் புல்கட்டு கொண்டு வருகிறவள்.

"அய்ய! இன்னாம்மா இது? உன் வூட்டுக்காரரு உன்ன வுட்டுட்டுப் போறாரு! கூப்புடு!"

ஞானம்பாள் வாயைத் திறந்தாள். என்னவென்று கூப்பிடுவது?

கல்யாணமான புதிதில் அவள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. வளையலைக் குலுக்குவாள், செருமுவாள். பிள்ளை பிறந்த பிறகுதான் அவளுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. 'முருகையன் நைனா' — முருகையனுடைய அப்பா. ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படிக் கூப்பிட்டாள். பிள்ளை போனதோடு அந்த வார்த்தையும் போயிற்று. எட்டு மாதமாகக் கணவரை அழைக்க அவளிடம் எதுவும் இல்லை.

"அட, பேரு இன்னா சொல்லு. நான் கூப்புடறேன்" என்றாள் காத்தாயி.

புருஷன் பேரை எப்படிச் சொல்வது? ஞானம்பாள் மெல்ல, "உங்க ஊர்ப் பெருமாள் பேரு" என்றாள்.

காத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "போச்சுடா! எங்க மாமனாரு பேரும் அதானே. நான் எப்படி வாயால சொல்றது? நல்ல பேரு வெச்சாங்க போ!"

அதற்குள் சைக்கிள் மதகைத் தாண்டி, வேர்க்கடலை போட்டிருந்த மணிலாக்கொல்லை ஓரமாக வளைந்து அக்கரைக்குப் போய்விட்டது. ஏரி அந்த இடத்தில் அகலம் குறைவு. சட்டை நிறம்கூடத் தெரிந்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டே போனார். யாரைப் பற்றிப் பேசுகிறாரோ! அவள் கேட்டிராத பேச்செல்லாம் அப்படித்தானே எட்டு மாதமாகக் காற்றோடு போயிற்று! ஞானம்பாள் வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

சைக்கிள் நின்றது.

அரங்கநாதன் திரும்பிப் பார்த்தார். கேரியரைத் தொட்டுப் பார்த்தார். வந்த பாதையைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் சைக்கிள் ஒரு பக்கம் விழ, கரைச் சரிவில் இறங்கி ஓடினார். "ஞானம்! ஞானம்!" என்ற அலறல் ஏரியைக் கடந்து வந்தது. முழங்கால் தண்ணீர். இடுப்புத் தண்ணீர். இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் துழாவினார்.

தன்னைத்தான் தேடுகிறார் என்பது ஞானம்பாளுக்குப் புரிந்தது.

"ஐயையோ, அங்க போவக் கூடாது! மண்ணெடுத்த பள்ளம் அது, ஆளு முழுகிடும்! நீச்சல் தெரியுமா அவருக்கு?" என்று கேட்டாள் காத்தாயி.

ஞானம்பாள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கடைக்காரருக்கு நீச்சல் ஏது!

"யோவ்! ஆணிக்கடக்காரே! யோவ்!" காத்தாயி தொண்டை கிழியக் கத்தினாள். அவர் காதில் ஏறவில்லை. மனைவியைத் தேடுகிறவருக்கு மற்றவர் குரல் எதற்கு! இன்னும் ஓரடி வைத்தார். மார்பளவு தண்ணீர்.

"முருகையன் நைனா!"

யார் கத்தியது என்று ஞானம்பாளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. தொண்டை எரிந்தபோதுதான் தன் குரல் என்று உணர்ந்தாள்.

"முருகையன் நைனா! நான் இங்க இருக்கறேன்! வாணாம், வெளிய வாங்க!"

தண்ணீருக்குள் அந்த உருவம் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி இந்தக் கரையைப் பார்த்தது. பிறகு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டது. இவ்வளவு தூரத்திலும் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. எட்டு மாதமாக மனைவி அழவேண்டுமென்று காத்திருந்த மனிதர், தான் அழவேயில்லை என்பதை அன்றுதான் கண்டுகொண்டார் போலும்.

அவர் கரையேறி, மிச்சப் பாதையைச் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். அவளும் எதிரே நடந்தாள். சந்தித்த இடத்தில் அவருடைய வேட்டி முனையைப் பிழிந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"அவன் பேரச் சொன்னியே" என்றார் அவர்.

"வேற எதுவும் வரல."

"அதுவே இருக்கட்டும்."

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஞானம்பாளின் நெஞ்சில் மரத்துப்போனது மரத்துத்தான் கிடந்தது. பிறகு பிள்ளையும் இல்லை. ஆனால் மறுநாள் காலை காப்பிக்கு அழைத்தபோது, "முருகையன் நைனா" என்றே அழைத்தாள்.

"செத்த புள்ள பேரச் சொல்லிக் கூப்புடலாமாடி? குடும்பத்துக்கு ஆவுமா?" என்று லட்சுமியம்மாள் பதறினாள். ஞானம்பாள் அப்படியேதான் கூப்பிட்டு வந்தாள்.

கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், உள்ளிருந்து வரும் குரலைக் கேட்டுவிட்டு, "பையன் இன்னா பண்றான்?" என்று விசாரிப்பார்கள்.

அரங்கநாதன் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வூட்லதான் இருக்கான்" என்பார்.