வாசலில் கழற்றிய செருப்பு

நான் பட்டாசு கம்பெனியில் வேலை பார்ப்பவள். ஆறாவது படிக்கும் என் மகள் தினமும் மதியம் பள்ளியை விட்டு ஓடிவிடுகிறாள் என்று சொல்லியனுப்பினார்கள். அடித்தேன். மறுநாளும் ஓடினாள். பிள்ளைகளின் மனசறிந்து பேச வந்திருந்த டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“எம்மகளுக்குக் கிறுக்கா டீச்சர்?” என்றேன்.

“இல்லம்மா. உங்க கம்பெனி வாசலுக்குத்தான் ஓடுறா. ஏன்னு அவகிட்டயே கேளுங்க.”

கேட்டேன். மகள் தலையைத் தூக்கவில்லை.

“செருப்ப வாசல்ல கழட்டிட்டுத்தானம்மா வெடிமருந்து ரூமுக்குள்ள போவ. பக்கத்து கம்பெனி வெடிச்ச அன்னைக்கு ஒரு அக்கா செருப்பு மட்டும் அங்கன கெடந்துச்சு. நீ சாப்பிட வெளிய வந்து செருப்ப மாட்டுறதப் பாத்துட்டுத் திரும்பிருவேன்.”

நானும் பயந்துகொண்டுதான் தினமும் உள்ளே போகிறேன். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு, டீச்சர் இருக்கும்போதே, மகளிடம் சொன்னேன்.