திகனப் பிள்ளைகள் கண்ட கடல்

1930களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கண்டிப் பக்கத்துத் திகனவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியனானேன். அங்கே என்னைத் தவிர இருந்தவர் தலைமையாசிரியர் மட்டும். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்தவர்தான். பிள்ளைகள் பாடம் வாசித்தால் மழை கொட்டுவதுபோல் இருக்கும். அர்த்தம் கேட்டால் மழை நின்றுவிடும்.

"விளங்கப்படுத்தாதையும், தம்பி," என்றார் தலைமையாசிரியர். "விளங்கினால் பிள்ளையள் கேள்வி கேக்குங்கள். கேள்வி கேட்டால் பாடம் முடியாது."

வாசிப்புப் புத்தகத்தில் கடல் வந்தது. என் வகுப்பில் ஒருவரும் கடலைக் கண்டதில்லை. எனக்கோ கடல் வீட்டு வாசலில். விடவில்லை நான். ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கெஞ்சி, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கண்டி வாவிக்கரையில், சுற்றுமதிலோரம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"கடலும் இப்படித்தான். ஆனால் மிகப் பெரிது," என்றேன். 'ஆனால்' என்பதற்கு முன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ்காரர், தண்ணீரில் கைவைத்த ஒரு பையனை அதட்டி விரட்டினார்.

அடுத்த கிழமை பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்தார். முதலில் தலைமையாசிரியரின் வகுப்பு.

"கடல் என்றால் என்ன?"

"ஆழி!" என்று வகுப்பே முழங்கியது.

"ஆழி என்றால்?"

"சமுத்திரம்!"

"சமுத்திரம்?"

"கடல்!"

வித்தியாதரிசி திருப்தியோடு தலையாட்டிவிட்டு என் வகுப்புக்கு வந்து அதையே கேட்டார். முன்வரிசைச் சிறுமி எழுந்தாள்.

"சுத்தி மதில் கட்டியிருக்குங்க ஐயா. கைய வச்சா பொலிசு வெரட்டும்."

அவர் திகைத்துப்போய், "கடலுக்கு மதில் இல்லை, பிள்ளை," என்றார்.

"அப்ப தண்ணி வெளிய வந்துறாதுங்களா?"

"வராது."

"ஏங்க ஐயா?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். இன்னொருவன் எழுந்து, அந்தத் தண்ணீரைத் தேயிலைக்கு ஊற்றலாமா என்றான். உப்பாக இருக்கும் என்றார் அவர். உப்பை யார் போட்டது என்று வகுப்பே கேட்டது. அவருக்காகச் சமைத்த கோழிக்கறி ஆறிப்போயிற்று.

தலைமையாசிரியரின் வகுப்பைப் பாராட்டிவிட்டு, என் வகுப்பில் ஒழுங்கு போதாது என்று சொல்லிப் போனார்.

"பாத்தீரே?" என்றார் தலைமையாசிரியர். கோபப்படவில்லை, அவருடைய கொள்கை வென்ற நாள் அது.

மறுநாளே என் வகுப்பைத் தானே எடுத்துக்கொண்டு, என்னை அரிவரி வகுப்புக்கு மாற்றினார். மணலில் எழுத்துப் போடும் குழந்தைகள். அர்த்தத்துக்கு இடமில்லை என்பது அவர் கணக்கு. முதல் எழுத்தை எழுதிக் காட்டினேன். ஒரு பொடியன் அதை உற்றுப் பார்த்தான்.

"வாத்தியாரையா, இதுக்கு ஏங்க வாலு?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பதில்தான் தெரியவில்லை.